பாலத்துச் சுவரில் ஒரு பொட்டு

அன்பு மாமா,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். இருந்தாலும் கேட்கிறேன், நல்லா இருக்கீங்களா? அங்கே சிக்னல் கிடைக்கிறதா? நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கிண்டலுக்கு என் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

நீங்கள் போன பிறகு ஊரே போனுக்குள் குடிபுகுந்துவிட்டது. கடலூர் சிதம்பரம் ரோட்டில் நாம் பள்ளம் தோண்டி ஃபைபர் கேபிள் புதைத்தபோது, "இதுல யாருப்பா பேசப் போறாங்க?" என்று ஒரு வேர்க்கடலைக்காரர் கேட்டாரே. இன்று அவர் வண்டியிலேயே க்யூஆர் அட்டை தொங்குகிறது. மஞ்சக்குப்பத்தில் மாடிக்கு மாடி கேபிள் ஏறியிருக்கிறது. அக்கா மஸ்கட்டில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டே மாவு கரைக்கிறாள்.

பேச்சு காற்றில் போவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். அது மண்ணுக்கடியில் வெளிச்சமாக ஓடுவது நமக்குத்தானே தெரியும். பஸ்ஸில் போகும்போது சில சமயம் கண்ணை மூடிக்கொள்வேன். அத்தனை பேருடைய சிரிப்பும் சண்டையும் ரோட்டுக்குக் கீழே என் கூடவே வருவதுபோல் இருக்கும். உங்கள் குரலும் அதில் எங்காவது சுற்றிக்கொண்டிருக்குமா மாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சத்திரம் தாண்டி ஒரு சின்னப் பாலம் இருக்கிறதே, அங்கே நான் செய்த தப்பு ஞாபகம் இருக்கிறதா? மற்ற இடமெல்லாம் மேற்கே போகும் கேபிள், அந்தப் பாலத்துக்கிட்டே மட்டும் ரோட்டுக்குக் கிழக்கே போகிறது. அங்கே மழைத்தண்ணீர் நின்றதால் அடையாளக் கல்லை நான் மேற்கே நட்டேன். "வத்துனதும் மாத்திடுறேன் மாமா" என்றேன். மாற்றவில்லை. கல்லைப் பார்த்து ஆபீஸில் வரைபடமும் மேற்கு என்றே போட்டார்கள். சொன்னால் என் வேலை போய்விடும் என்று, நீங்கள் என்னை முறைத்துக்கொண்டே அதில் கையெழுத்துப் போட்டீர்கள்.

போன வாரம் ரோட்டை அகலப்படுத்த அங்கே பொக்லைன் வந்தது. கேபிள் மேற்கே இருப்பதாக நம்பிக் கிழக்கே தோண்டினார்கள். நான் இப்போது சூப்பர்வைசர், பக்கத்தில்தான் நின்றேன். அறுந்தால் சிதம்பரம் பக்கம் அத்தனை போனும் ஊமையாகிவிடும் என்று தெரியும். சொல்ல வாய் வரவில்லை. ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பழி கையெழுத்துப் போட்டவர் மேல்தானே விழும், செத்தவருக்கு என்ன வலிக்கப்போகிறது என்று நினைத்தேன். உங்களைப் பற்றி அப்படி நினைத்தேன் மாமா.

பாலத்துக்கிட்டே வந்ததும் பொக்லைன் ஓட்டுபவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இங்க தோண்ட மாட்டேன் சார். சாமி இருக்குது."

"இங்க ஏதுய்யா சாமி?" என்று கேட்டேன்.

"செவுத்துல பாருங்க. பொட்டு வச்சி, பூவும் வச்சிருக்காங்க. சாமி குத்தம் ஆயிடும் சார்."

பாலத்தின் கிழக்குச் சுவரில் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜையன்று கேபிள் ஒட்டும் மெஷினுக்குப் பொட்டு வைத்த பிறகு, மிச்சக் குங்குமத்தைத் தாளில் மடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு எடம் பாக்கி இருக்குடா மச்சான்" என்று வருஷா வருஷம் பைக்கில் கிளம்புவீர்களே, அது இங்கேதானா? என் தப்புக்கு நீங்கள் வைத்த அடையாளத்தை, நீங்கள் போன பிறகு யாரோ சாமியென்று கும்பிட்டு வருகிறார்கள்.

பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பேன். முடியவில்லை. இன்ஜினியரிடம் போய், "கல்ல மாத்தி நட்டது நான்தான் சார். எங்க மாமா என்னைக் காப்பாத்தத்தான் கையெழுத்துப் போட்டாரு" என்றேன். அவர் திட்டியது கடலூர் வரைக்கும் கேட்டிருக்கும். சூப்பர்வைசர் வேலை போனது, மறுபடியும் மண்வெட்டி. கையாலேயே தோண்டினோம். கேபிள் போகும் நம் குழாய் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க மாமா சாமியாயிட்டாருன்னு சொல்லு" என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நேற்று அந்தக் கல்லை நானே பிடுங்கிக் கிழக்கே நட்டுவிட்டேன். இனி அங்கே பொட்டு தேவையில்லை. ஆனாலும் ஆயுத பூஜைக்கு மிச்சக் குங்குமத்தை மடித்துக்கொண்டு நான் போவேன் மாமா. அந்த ஒரு இடத்தைப் பாக்கி வைக்கமாட்டேன்.

நீங்கள் கடைசிவரை காட்டிக்கொடுக்காத
உங்கள் மச்சான்,
சேகர்