கட்டிலோடு பூட்டப்பட்ட என் அண்ணனுக்கு

என் செல்ல அருளண்ணே,

உன்னைக் கொன்றது ஜப்பான்காரன்தான் என்று அப்பா சாகும்வரை சொல்லிவந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அதில் குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. நடந்ததை நான் இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

யுத்தத்தில் நம் ஊர்த் துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு பிணம் அள்ள உன்னையும் இழுத்துப்போனார்கள். கை தனியாக, கால் தனியாக அள்ளிப் போட்டாய். வீட்டுக்கு வந்து எத்தனை குளித்தும் நாற்றம் போகவில்லை என்றாய். மரவள்ளிக்கிழங்கில் காய்ச்சிய சம்சு சாராயத்தை யாரோ ஒருத்தன் ஊற்றிக் கொடுத்தான், அன்றைக்குத் தூங்கினாய். போகப்போக, காலையில் அது உள்ளே போகாவிட்டால் உன்னால் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியவில்லை.

சூலியா தெரு முனையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு நீ குனிந்து வணங்கியபோது உடம்பு ஆடியது. கேலி செய்கிறாய் என்று நினைத்துத் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் இடித்தான். முன்பற்கள் போயின. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் அவரும் பெல்ட்டைக் கழற்றினார்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசராக இருந்த அடுத்த வீட்டு மாணிக்கம் அண்ணன்தான் ஓடிவந்து தடுத்தார். இது நோய், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, வார்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். வாயெல்லாம் ரத்தத்தோடு நீ கேட்டாய்: "என்னைக் கொண்டுபோய் அங்க விட்டுடுங்கப்பா. எனக்கே இது வேணாம்பா."

குடிப்பவனுக்குத் திருந்த மனசில்லை என்கிறார்களே. நீ கேட்டது என் காதில் விழுந்ததே, அண்ணே.

ஆஸ்பத்திரியில் வேலையில்லாத ஆள் என்று பேர் பதிந்தால் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று அப்பா பயந்தார். அந்தப் பயம் பொய்யில்லை. எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். ஆனால் காய்ச்சல் என்று சொல்லிச் சேர்க்கிறேன் என்று மாணிக்கம் அண்ணன் சொன்னபோதும் அவர் அசையவில்லை. "கோயில்ல எவன் மூஞ்சில முழிப்பேன்? கட்டிப் போட்டா தானா தெளிவான்."

சைக்கிள் சங்கிலியால் உன்னை இரும்புக் கட்டிலோடு பூட்டினார். முதலில் நடுங்கினாய். பிறகு சுவரெல்லாம் பிணங்கள் ஏறி வருவதாக அலறினாய். மணிக்கட்டுச் சதை கிழிய இழுத்தாய். பிடிக்க வந்த அப்பாவின் விரலைக் கடைவாய்ப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாய். அவர் உன் தலையைக் கட்டில் கம்பியில் மோதினார். அம்மா நடுவில் விழுந்து இரண்டு பேரிடமும் அடி வாங்கினாள். அப்புறம் வலிப்பு வந்தது, ஒன்று அடங்குமுன் இன்னொன்று.

அம்மா கோடரியால் சங்கிலியை உடைத்தாள். கைவண்டியில் உன்னைக் கிடத்தி அவளும் நானும் இழுத்துக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் மாணிக்கம் அண்ணன் உன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். உன் கண்களை மூடிவிட்டார்.

கடைசியில் அப்பாவை அடையாளம் தெரிந்ததா உனக்கு? வெறுத்தாயா?

இப்போது நான் செபராங் ஜெயாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு மோகனுக்கும் காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்கும். இன்று சிப்பாய் இல்லை, லாரி இல்லை. ஆனாலும் அவன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, "மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம்க்கா. வெளிய தெரிஞ்சா அவ்வளவுதான் லா" என்றாள். நான் உன் சாவை அவளுக்குச் சொன்னேன், அப்பாவின் விரல் உட்பட. வெகுநேரம் அழுதாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

மோகன் இன்று வார்டில் இருக்கிறான். ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறார்கள். இனிமேல்தான் கஷ்டம் என்கிறார் டாக்டர். அவன் கத்தட்டும், என்னை அடிக்கவும் வரட்டும். அவன் பக்கத்தை விட்டு நான் நகர மாட்டேன், அண்ணே. இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
மரியா