நிச்சயதார்த்தத்துக்கு வந்த காய்ச்சல்

நீலசந்திரா,
பெங்களூர்.
16.9.97

மதிப்பிற்குரிய சம்பந்தி ஞானசேகரன் அவர்களுக்கு, சண்முகம் வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் விட்டுவிட்டதா? நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உங்கள் நலம் கெட்டதற்கு நாங்கள்தான் காரணம் என்று எழுதிவிட்டீர்கள்.

கார்டு வந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தை மாதக் கல்யாணத்தை நிறுத்தி வைக்கிறோம் என்பதைத் தபால் கார்டிலா எழுதுவது? நான் பொம்மசந்திரா பேக்டரியில் ஷிப்டில் இருந்தேன். கார்டை வாங்கி வைத்தவர் எங்கள் வீட்டு ஓனர் கோவிந்தப்பா. அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். பெண் கையால் கொடுத்த ஐஸ் கூல்டிரிங்ஸைக் குடித்து ஒன்பது பேர் ஃப்ளூவில் படுத்துவிட்டோம், சகுனம் சரியில்லை என்ற உங்கள் வரியை நான் படிப்பதற்கு முன்பே தெருக்குழாயடியில் பேசி முடித்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை நான் கவரில் போட்டு ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று கூல்டிரிங்ஸ் கொடுத்தது என் யோசனை. என் மனைவி சாந்தகுமாரி சூடாகப் பாதாம் பால் கொடுக்கலாம் என்றுதான் சொன்னாள். திருப்பத்தூரிலிருந்து வேனில் வருகிறவர்களுக்கு ஜில்லென்று கொடுத்தால்தான் மரியாதை என்று அவள் வாயை அடைத்தவன் நான். இரண்டு கிரேட் பாட்டில் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்ததும் நானே. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். அம்சவேணி தட்டை ஏந்தி வந்தாள், அவ்வளவுதான்.

மனது கேட்காமல் எங்கள் டாக்டரம்மா ஜூடித்திடம் போய்க் கேட்டேன். சிரித்துவிட்டார். ஃப்ளூ என்பது கிருமியால் வருவது, காய்ச்சல்காரர் இருமினால், தும்மினால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டிக்கொள்ளும், ஜில்லென்று குடிப்பதால் வராது என்றார். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் சொன்னதை எழுதுகிறேன். என் கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் ஆளுக்கு மூன்று பாட்டில் குடித்துவிட்டு மறுநாள் ஷிப்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கவியரசனும் இரண்டு குடித்தார், படுத்த ஒன்பது பேரில் அவர் இல்லை. அடுப்படியை விட்டு நகராமல், ஒரு சொட்டு கூடக் குடிக்காமல் இருந்த சாந்தகுமாரிக்குத்தான் ஐந்து நாள் காய்ச்சல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்கையைக் கல்லால் அடித்தால் எப்படி?

அடுத்ததை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வேனை விட்டு இறங்கும்போதே உங்களுக்கு இருமல். நீங்கள் கூல்டிரிங்ஸைத் தொடவே இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சுக்குக் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். வழியெல்லாம் மழை, வேன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டே வந்தோம் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். தட்டு மாற்றும்போது என் முகத்துக்கு நேராகத் தும்மினீர்கள். நான் துடைத்துக்கொண்டேன், சம்பந்தி என்பதால் தப்பாக நினைக்கவில்லை. இன்றைக்கும் குற்றமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் யாரைக் கேட்டு வருகிறது? குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பழமொழி பெண்ணைப் பெற்றவனுக்கு மட்டும்தானா?

வேறு இடத்தில் பேச்சு வந்திருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எங்கள் குடும்பம் பிடிக்கவில்லை என்றாலும் தாங்கிக்கொள்வேன். என் மகள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா வரலட்சுமி பூஜைக்குத் தெரு முழுக்கப் பிரசாதம் கொடுக்க இவளைத்தான் அனுப்புவார். போன வாரம் பேரன் பிறந்தநாளுக்கு இவளைக் கூப்பிடாமல் பாயசத்தை அவரே வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு வந்தார். நாளைக்கு எந்த ஊரில் போய் இவளுக்கு வரன் பேசினாலும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

கார்டு வந்த நாளிலிருந்து அம்சவேணி எனக்குச் சாப்பாடு போடுவதில்லை. சமைப்பதை அம்மாவிடம் விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ஏன் என்று கேட்டேன். நீங்கள் வேலைக்குப் போக வேண்டாமா அப்பா, என் கையால் சாப்பிட்டு உங்களுக்கும் வந்துவிட்டால் என்றாள். கேலியாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டுமாவது வந்து போங்கள். வாசலில் நாற்காலி போடுகிறேன், தெருவே பார்க்கட்டும். அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், வெந்நீராகவே கொடுக்கச் சொல்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்பதுதான் உங்கள் முடிவு என்றால், குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கை கூப்பிக் கேட்கும்,
சண்முகம்