பாஸ்க்கின் தோள்கள்

11 பிப்ரவரி 1941

விமானி அடிபட்டால் வழிகாட்டியான நான் பின்பக்கமாக வந்து, அவன் இருக்கையை மல்லாத்தி, அக்குளில் கைகொடுத்து அவனை இழுத்துப் போட்டுவிட்டு நானே ஓட்டவேண்டும். இன்று அதற்குத் தரையில் ஒத்திகை. எங்கள் ஹாம்ப்டன் குண்டு போடத்தான் பெரிய விமானம். உள்ளே ஓர் ஆள் அகலம்தான். எங்கள் விமானி பாஸ்க், நார்ஃபோக்கில் போலீஸ்காரனாக இருந்தவன், கதவில் பக்கவாட்டில்தான் நுழைவான். தோள் சிக்கிக்கொண்டது. காலை ஊன்றி இழுத்தேன், என் முதுகுதான் பிடித்துக்கொண்டது. முடிந்ததா என்று கீழிருந்து கார்ப்பரல் கத்தினார். முடிஞ்சதுன்னு பாஸ்க் குரல் கொடுத்தான். நானும் ஆமாம் என்றேன்.

12 பிப்ரவரி

ஏன் பொய் சொன்னோம்? சொல்லியிருந்தால் எங்களைப் பிரித்திருப்பார்கள். பயிற்சிக் காலத்தில் எல்லோரையும் ஒரு கொட்டகையில் விட்டு, யார் யாரோடு பறப்பதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நடனக் கூடத்தில் ஜோடி கிடைக்காதவனைப்போல நான் சுவரோரம் நின்றேன். பாஸ்க் நேராக வந்து, "நீ சீட்டாட்டத்துல ஏமாத்துவியா?" என்றான். இல்லை என்றேன். "அப்ப மேப்புலயும் ஏமாத்தமாட்டே. வா."

அன்றிலிருந்து போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறோம். ஆள் மாற்றிய விமானம் திரும்பாது என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. எனக்கும்தான்.

16 பிப்ரவரி

பாஸ்க் புட்டிங் சாப்பிடுவதில்லை. தன் பங்கை எங்கள் துப்பாக்கிக்காரன் மன்சியிடம் தள்ளிவிடுகிறான். பட்டினி கிடந்தால் தோள் எலும்பு எப்படியடா கரையும் என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

18 பிப்ரவரி

ப்ரெமன் போய் வந்தோம். குண்டு வெடித்து விமானம் குலுங்கும்போதெல்லாம் நான் மேப்பைப் பார்க்கவில்லை. திரும்பி பாஸ்க்கின் பூட்ஸ் அசைகிறதா என்றுதான் பார்த்தேன். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன்.

பிறகு முட்டைப் பொரியல், டீ. கீழ்த் துப்பாக்கிக்காரன் மன்சி ஏப்ரலில் அப்பா ஆகப்போகிறான், பெண் என்றால் ஐவி என்று பேர் வைப்பானாம். பேச்சோடு பேச்சாகக் கேட்டான்: "பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதானேப்பா எங்கள வீட்ல கொண்டுவந்து சேக்கணும்?"

நான் இல்லாமல் வேறு யார் என்றேன். மீதி முட்டையை அவன் தட்டில் தள்ளினேன்.

21 பிப்ரவரி

தூக்கம் இல்லை. என் உயிரைப் பணயம் வைப்பது என் இஷ்டம். மன்சி உயிர் யார் வீட்டுச் சொத்து? ரேடியோக்கார பின்ஸ் உயிர்? தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் — இது அயோக்கியத்தனம் இல்லாமல் வேறென்ன?

22 பிப்ரவரி

பாஸ்க்கிடம் சொல்லிவிட்டேன், மேலதிகாரியிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்று. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்தவே இல்லை.

"போய்ச் சொல்லு. என்னைத் தெரியாதவனுங்களோட ஏத்தி அனுப்பு. நல்லா இருப்படா."

23 பிப்ரவரி

ஸ்குவாட்ரன் லீடர் தோரால்ட் கதவைச் சாத்தச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, திட்டுவார் என்று விறைப்பாக நின்றேன். அவர் முகத்தில் அலுப்புதான் இருந்தது.

"இந்தப் படையில ஆகாயத்துல யாராவது விமானிய இழுத்து எடுத்திருக்காங்களான்னு நானே விசாரிச்சுட்டேன், கார்சைடு. ஒருத்தனும் இல்ல. ஒத்திகையெல்லாம் மனசுக்குத்தான்."

பிரிக்கவேண்டுமானால் பிரிக்கிறேன் என்றார். வேண்டாம் சார் என்றேன். அப்படியானால் வாயை மூடிக்கொண்டு பறக்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எல்லாருக்கும் தெரியும், கீழ உக்காந்து சாகப்போறவனுக்கு மட்டும் தெரியக்கூடாதா?

24 பிப்ரவரி

பின்ஸையும் மன்சியையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், தோரால்ட் சொன்னதைத் தவிர. அவர் சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்ஸ், எப்படியும் குளிரில்தான் சாகப்போகிறேன் என்று சிரித்துவிட்டு இருந்துவிட்டான். மன்சி நிறைய நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கோவம் இல்லப்பா. ஆனா நான் போறேன். அவ வயித்தப் பாத்துட்டு இங்க உக்கார முடியாது."

சொன்னது சரிதான் என்று தோன்றியது. பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

27 பிப்ரவரி

லோமாஸ் ஓட்டும் விமானத்தில் மன்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. லோமாஸ் பந்தயக் குதிரைக்காரனைப்போல ஒல்லி. அவன் வழிகாட்டி ஒத்திகையில் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கிவிட்டானாம். மன்சி போகுமுன் பாஸ்க்கிடம் கை கொடுத்தான். பாஸ்க் கொடுத்தான், பேசவில்லை. என்னிடமும் பேசுவதில்லை.

13 மார்ச்

ஹாம்பர்க். மன்சி இடத்தில் ஓர் இரவல் ஆளோடு போனோம். நாங்கள் திரும்பினோம்.

14 மார்ச்

லோமாஸின் விமானம் ஓடுதளத்துக்கு வெளியே மரங்களில் மோதியது. பனிமூட்டம். லோமாஸுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல்தான் இங்கிலாந்துவரை வந்திருக்கிறார்கள், ரேடியோவில் பேசியிருக்கிறார்கள். நால்வரும் போய்விட்டார்கள். யாரையும் எங்கிருந்தும் இழுக்கவேண்டிய வேலையே வரவில்லை.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் மன்சி இப்போது என் எதிரில் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருப்பான்.

15 மார்ச்

பாஸ்க் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். "உன் தப்பு இல்லடா" என்றான். அவன் பேசினானே என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டேன்.

19 மார்ச்

மன்சி இடத்துக்குப் புது ஆள் வந்துவிட்டான். டெப்பட், முப்பது வயது, லெஸ்டரில் தபால்காரனாக இருந்தவன். எனக்கும் அவனுக்கும் பேச இடம் விட்டு பாஸ்க் வெளியே போய் நின்றான். டீ எந்த நேரத்தில் சூடாக இருக்கும், எந்தக் கட்டில் அடுப்புக்குப் பக்கம், கையுறைக்குள் பட்டுத்துணி உறை போடவேண்டும் என்றெல்லாம் டெப்பட்டுக்குச் சொன்னேன். வேறு ஏதாவது தெரிந்துகொள்ளவேண்டுமா என்று கேட்டான். இல்லை, அவ்வளவுதான் என்றேன்.