டப்பிங் வேண்டாம்

ஜூன் 3
புதுப் படத்தின் கதைத்தாள் வந்தது. என் பாத்திரத்துக்கு நேரே "ஊமைத் தாய்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஊமையா? நானா? ஆரம்பித்தால் என் கைகளை நிறுத்த முடியாது என்று தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள். சிவப்பு மையால் அடித்து, "காது கேட்காத தாய்" என்று எழுதி அனுப்பினேன். டைரக்டர் உடனே செல்போனில் பதில் போட்டார்: "ஸாரி. மாத்திட்டேன்." நல்ல மனுஷன். கொஞ்சம் பயந்த சுபாவம்.

இத்தனை வருஷம் நாடகங்களுக்குப் பின்திரை வரைந்தேன். எப்போதாவது திரைக்கு முன்னால் கூப்பிட்டால், இடுப்பை ஆட்டி அடி வாங்குகிற கோமாளி வேஷம். திருநங்கைக்கு வேறென்ன தருவார்கள்? இப்போது தாய் வேஷம். விடுவேனா?

ஜூன் 9
நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கும் காட்சி. முழங்கால் வீங்கிவிட்டது. பரம சந்தோஷம்.

ஜூன் 17
மகள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகும் காட்சி. மகளாக நடிப்பவளுக்கு நான் வைத்த பெயர் குருவி — உதடு அவ்வளவு வேகம், படிக்கவே முடியாது. தாய் கைகளால் கெஞ்ச வேண்டும், மகள் போய்விட வேண்டும். இதுதான் கதைத்தாளில். ஆனால் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாள். முதுகிடம் கையால் என்ன பேசுவது? முதுகுக்குக் கண்ணா இருக்கிறது?

நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அப்புறம்தான் தெரிந்தது, கத்தியிருக்கிறேன்.

வெளியே நான் வாயைத் திறப்பதே இல்லை. ஒரே சத்தத்தில் இரண்டும் வெளியே வந்துவிடும் — காது கேட்காதவள், பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டவள்.

குருவி திரும்பினாள். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றார்.

ஜூன் 18
நேற்று எடுத்ததைத் தயாரிப்பாளர் பார்த்துவிட்டாராம். படப்பிடிப்பில் எனக்குச் சைகையில் மொழிபெயர்ப்பவள் தங்கச்சிதான். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சீன் பிரமாதமாம். அந்தக் குரல் மட்டும் வேணாமாம். டப்பிங்ல நல்ல பொம்பளைக் குரலாப் போட்டுக்கலாமாம்."

நல்ல பொம்பளைக் குரலாம்ல! அப்போ என்னுது என்ன, கழுதைக் குரலா? வயித்தெரிச்சலா இருக்கு. என் மூஞ்சி வேணும், கை வேணும், அழுகை வேணும் — தொண்டை மட்டும் வேணாமா?

ஜூன் 20
அம்மாவும் தயாரிப்பாளர் கட்சி. "எதுக்கு வம்பு? ஊரே சிரிக்கும்டி."

உதட்டில் அந்த 'டி' தெளிவாகத் தெரிந்தது. போன வருஷம் வரை 'டா'. சண்டைக்கு நடுவே சிரித்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் கோபம்.

ஜூன் 24
தயாரிப்பாளர் ஆபீஸ். என்னைப் பற்றி எல்லாவற்றையும் தங்கச்சி முகத்தைப் பார்த்தே பேசினார். மேஜையைத் தட்டினேன். என்னைப் பாருங்கள்.

"ஜனங்க ஆம்பளைன்னு நெனைப்பாங்கம்மா."

நினைக்கட்டும் என்றேன் கையால். அந்தக் குரல் கேட்டுத்தான் மகள் திரும்பினாள். அது போனால் நானும் போகிறேன். இன்னும் எடுக்காத கடைசிக் காட்சிக்கு அந்த நல்ல குரலையே சேலை கட்டி நிற்க வையுங்கள்.

தங்கச்சி ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். அவள் காது சிவந்திருந்தது.

"இதுக்கப்புறம் உன்னை எவன் கூப்பிடுவான்னு பாக்கறேன்," என்றார் தயாரிப்பாளர்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து நடுங்கினேன். தைரியமா? மண்ணாங்கட்டி.

ஜூன் 30
வேலை இல்லை. வாய்களாக வரைந்து தள்ளுகிறேன். உதடு படித்தே வளர்ந்தவளுக்கு மாடலா பஞ்சம்? பொய் சொல்லும் வாய், கொட்டாவியை விழுங்கும் வாய், "ஐயோ பாவம்" வாய். தயாரிப்பாளரின் வாய் மிகப் பெரிது. பற்கள் தத்ரூபம்.

ஜூலை 2
டைரக்டர் வந்தார். சமாதானத் தூது: குரலையே எடுத்துவிட்டு அங்கே மியூசிக் போடலாமாம். யாருடைய குரலும் வேண்டாமாம்.

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்க மாட்டார்கள். நானும் நல்ல பெயரோடு நடித்துவிட்டுப் போகலாம்.

முடியாது என்றேன்.

ஜூலை 4
குருவி வீட்டுக்கே வந்தாள். எனக்காக மெதுவாகப் பேசினாள், பாவம், வியர்த்துவிட்டது அவளுக்கு. "நான் உங்க குரலுக்குத்தான் திரும்பினேன். மியூசிக்குக்கு திரும்பின மாதிரி காட்டினா நானும் வரலன்னு சொல்லிட்டேன்." அதைக் கேட்டு டைரக்டரும் தயாரிப்பாளரிடம், "அப்போ நானும் எடுக்கல சார்," என்றாராம். அந்தப் பயந்த மனுஷனா!

ஜூலை 6
தயாரிப்பாளர் இறங்கி வந்துவிட்டார். குரல் இருக்கும்.

செப்டம்பர் 12
தியேட்டரில் அம்மா, தங்கச்சி, நான். என் கத்தல் வந்தபோது தங்கச்சி இருட்டில் என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்: சிரிக்கிறாங்க. பின்வரிசை.

எனக்குக் கேட்காதே, இவள் ஏன் சொல்கிறாள்? சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து எழுதினாள்: அம்மா.

பார்த்தேன். அம்மா எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, பின்வரிசையை முறைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுக்கும்வரை உட்காரவில்லை. அப்புறம் சிரிப்பு இல்லையாம். மூக்கு உறிஞ்சும் சத்தம்தானாம்.

நவம்பர் 8
தயாரிப்பாளர் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டிருந்தார். இந்த முறை என் முகத்தைப் பார்த்தே, நிதானமாகப் பேசினார். தங்கச்சிக்கு வேலையே இல்லை, டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அதே மாதிரி ஒரு கத்து கத்தணும்மா. ஜனங்க அதைத்தான் எதிர்பார்க்கறாங்க."

கத்த மாட்டேன் என்றேன், வாயைத் திறந்து, என் குரலிலேயே. வசனம் கொடுங்கள், பேசுகிறேன்.

"எத்தனை பக்கம்?"

எழுதிக்கொண்டே இருங்கள், நானே நிறுத்தச் சொல்கிறேன்.

சிரித்துவிட்டு, கதாசிரியரை உள்ளே கூப்பிட்டார்.