மொட்டைவால் குரங்கும் டிரிப் பைப்பும்

ஏப்ரல் 9, வியாழன்

காலையிலேயே அனல். கார்வேட்டிநகரம் பஸ் வரவில்லை, ரேஷன் நாளைக்கு. மோட்டார் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் கடைசி வரிசை மாங்கன்றுகள் மறுபடியும் வாட்டம். சொட்டுநீர் விடும் டிரிப் பைப்பின் முனையை மடக்கி மாட்டிய பிளாஸ்டிக் வளையம் தனியாகக் கிடக்கிறது. தண்ணீரெல்லாம் வரப்பில். சொந்த நிலம் என்று வாங்கி வைத்த முதல் கன்றுகள். வயிறு எரிகிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. குரங்கு. மொட்டைவால், வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. கடிக்கவில்லை, கிழிக்கவில்லை. மடிப்பை ஒரு கையால் அமுக்கி, மறு கையால் வளையத்தை உருவி, வாய் வைத்துக் குடித்தது. பிறகு குட்டிக்கு. அதை உருவ எனக்கே நகம் பெயரும். கெட்டிக்காரி. கோபம் போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மெச்சிக்கினு இருந்தா கன்னு காஞ்சிடும் மே. வளையத்துமேல கட்டுக்கம்பி சுத்தறேன். இன்னொரு வாட்டி தொறந்துச்சுன்னா குரங்கு புடிக்கிறவனுக்கு ஃபோன்தான்."

போன வருஷம் பிடித்துக்கொண்டு போனார்களே, தாய் ஒரு கூண்டு, குட்டி ஒரு கூண்டு. அந்தக் கத்தல் இன்னும் காதில்.

ஏப்ரல் 11, சனி

திருப்பதியில் விலங்கியல் படிக்கும் மகளுக்கு ஃபோன். பெருமையாகச் சொன்னால்:

"அது கருவி வச்சி செஞ்சதா ஆகாதும்மா. மூளை இருக்குது, ஒத்துக்கிறேன். ஆனா கையாலதானே பிரிச்சுது? வேற ஒரு பொருள எடுத்து அத வச்சி வேல செஞ்சாதான் கருவி."

"தண்ணி வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. கணக்குல வராது. குச்சி கிச்சி எடுத்துச்சுன்னா வீடியோ புடி, எங்க மேடம் கிட்ட காட்றேன்."

இது என்ன கணக்கோ. மண்டையைக் குடைகிறது. வேப்பமரத்தடியில் ஒரு பேசின் நிறையத் தண்ணீர் வைத்தேன், மொட்டைவால் சீண்டவே இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

மோட்டார் ஓடியதும் வந்தாள். கம்பியை நகத்தால் பிடுங்கினாள், அசையவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். சத்தியமாக யோசித்தாள். வேலியிலிருந்து குச்சி ஒன்று. கம்பிக்கு அடியில் விட்டு நெம்ப, ஒடிந்தது. அடுத்ததைத் தடிமனாகப் பார்த்து எடுத்தாள். முனையைக் கடித்துச் சீவினாள். நெம்பினாள். கம்பி நெகிழ்ந்தது, வளையம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிப்பு. அத்தனையும் வீடியோவில்.

குடித்துப் போனதும் வளையத்தை மாட்டி, கம்பியைப் பழையபடி சுற்றினேன். கன்றுகளுக்குக் குடத்தில் சுமந்து ஊற்றினேன், இடுப்பு போச்சு. வீட்டில் இருப்பது ஒரே ஃபோன், அவர் கைக்கும் போகும். வீடியோவை இன்னொரு முறை பார்த்துவிட்டு அழித்தேன். அழுகை வந்தது.

சாயந்திரம் அவர் வந்ததும், "தொறந்துச்சா மே?"

"இல்ல."

அவர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் ஃபோன். "இன்னாம்மா, குச்சி எடுத்துச்சா?"

"அதுக்கு அவ்ளோ அறிவு ஏதுடி," என்றேன்.