இஸ்திரி மேசையருகே ஏழு நிமிடம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்பாவின் வலது முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே மாடி ஏறுகிறார். மேல் வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகி, நம் குளியலறைச் சுவர் முழுக்க ஈரம். கேட்டால் நாளைக்கு ஆள் வருவான் என்கிறார்கள். அந்த நாளைக்கு இப்போது மூன்று மாத வயது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்கிறாயே, உன் கையெழுத்தைக் காட்டினால் போதும், பாதிப் பேர் அங்கேயே கண்ணாடி வாங்கிவிடுவார்கள். அப்பாதான் சத்தமாகப் படித்தார். உங்கள் ஊர் நாடகக் குழுவினர் நீ பாடிக் கேட்டுவிட்டு, கதாநாயகியாகப் பாட உன்னை அழைத்திருக்கிறார்கள் என்ற இடத்தில் அவர் குரலே மாறிவிட்டது. அடுத்த பக்கத்தில், “முடியாது” என்று மாதக் கடைசிக்குள் அவர்களிடம் சொல்லிவிடப் போவதாக எழுதியிருந்தாய். காரணமும் எழுதியிருந்தாய்: “அங்க கதாநாயகிக்கு மாற்று ஆளாப் பதினாலு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன், ஒரு நாள்கூடக் கூப்பிடல. நமக்குன்னு இருந்தா அப்பவே வந்திருக்கும்மா.”

அப்பா காகிதத்தை மடித்துக்கொண்டே, அவ சொல்றதும் சரிதானே என்றார். நான் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை முயன்றேன். நீ எடுத்ததும் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்கிறாய், அதோடு நான் குழம்பு, ரசம் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். இந்தக் காகிதத்திலும் பார், குழாயையும் முழங்காலையும் வைத்துச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் உன்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் அதை உன்னிடம் வரவிடவில்லை.

அது ஒரு புதன்கிழமை மதியக் காட்சி. பெரியக்கா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒப்பனை அறைக்குள் வந்தார். கதாநாயகி என்ற மிடுக்கெல்லாம் அன்று இல்லை. வழக்கம்போல் அவருக்கு உடை மாற்றிவிட, முதல் பாட்டுக்கான உடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று கையசைத்தார். குரலே எழவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. “போய்க் கடிகாரத்துகிட்ட சொல்லு. இன்னிக்கு என்னால ஆகாது. உன் பொண்ணு பாடட்டும்” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார்.

கடிகாரத்தின் சட்டம் உனக்குத் தெரியாததா? மேடை மேலாளருக்கு நாம் வைத்த அந்தப் பேர் சும்மா வந்ததில்லை. காட்சிக்கு அரை மணி இருக்கும்போது மணி அடிப்பார். அதற்கு முன்னால் சொன்னால்தான் கதாநாயகிக்குப் பதில் மாற்று ஆள். ஒலிவாங்கி, விளக்கு, பின்னால் ஆடுகிறவர்கள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் மாற்ற அவருக்கு அந்த அரை மணி வேண்டும். மணி அடித்த பிறகு யார் வந்து அழுதாலும், ஒப்பனை போட்டவர்தான் மேடை ஏற வேண்டும்.

நான் அறையை விட்டு வெளியே வந்தபோது மணி அடிக்க இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. கடிகாரத்தின் அறை இருபது அடி தூரம். நான் பாதி வழியில் இஸ்திரி மேசையருகே நின்றுவிட்டேன். கால் வலியோ மயக்கமோ எதுவும் இல்லை. நின்றேன், அவ்வளவுதான்.

நீ அந்தப் பக்கமாக வந்தாய், தலையில் பாதிப் பின்னலோடு. ஏன் இங்க நிக்கிற என்று கேட்டாய். பெட்டி சூடாகட்டும்னு நிக்கிறேன் என்றேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, “சொருகவே இல்ல, எப்படிம்மா சூடாகும்? நல்லா வேலை பாக்குற போ” என்று சிரித்தாய். நீயே ஒயரைச் சொருகி, சுவிட்சையும் போட்டுவிட்டு, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போனாய். அது பெரியக்காவின் பாட்டு. உன் பாட்டாக இருந்திருக்க வேண்டிய பாட்டு.

மணி அடித்தது. திரும்பிப் போய்ப் பெரியக்காவிடம், “கடிகாரம் இன்னிக்கு ஒரு நாள் சமாளிக்கச் சொல்றாரு” என்றேன். எவ்வளவு கோர்வையாக வந்தது அந்தப் பொய். அவர் வெந்நீர் கேட்டார். ஆவி பிடிக்க வைத்தேன், முதுகைத் தேய்த்துவிட்டேன். அன்று என்னைப் போல் ஓடியாடி வேலை செய்தவள் அங்கே யாரும் இல்லை. இரண்டாம் பாதியில் அவர் குரல் உடைந்தபோது நீ பின்பாட்டு வரிசையில் இடது பக்கம் மூன்றாவது ஆளாக நின்று, அவர் சுருதியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் உரக்கப் பாடினாய். நான் திரை ஓரத்தில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு அடுத்த உடையோடு நின்றேன்.

மறுநாள் நமக்கு விடுமுறை. அதற்கு மறுநாள் அவர் தொண்டை தேறிவிட்டது. பெரியக்கா ஒரு மாதம் கடிகாரத்தோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனிதர் என்ன தப்பு செய்தோம் என்று என்னிடமே வந்து கேட்டார். தெரியலையே சார் என்றேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். பொறாமை இல்லை, அதை மட்டும் நம்பு. நீ தோற்றுவிடுவாய் என்று நினைத்தேன். எட்டு வயதில் பள்ளிக்கூட மேடையில் இரண்டாவது வரியை மறந்து நின்றாயே, நான் ஏறி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினேனே, அந்தப் பிள்ளைதான் என் கண் முன்னால் நின்றது. உனக்காகத்தான் பயந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதிலும் பாதிதான் உண்மை. துணி மாத்துறவ பொண்ணு சொதப்பிட்டா என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று என் முகத்துக்காகவும் பயந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலைகளில் காலி அரங்கத்தில் மாற்று ஆட்களுக்கு ஒத்திகை நடக்கும். ஒரு தடவை வந்து கேளேம்மா என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பாய். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கொக்கி அறுந்திருக்கும், ஒரு பாவாடை கிழிந்திருக்கும். பதினான்கு மாதத்தில் நீ முழுசாகப் பாடி நான் ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. கேட்காமலேயே உனக்கு வராது என்று முடிவு கட்டினேன்.

போன வாரம் நாடகத்தை ஒரேயடியாக முடித்துவிட்டார்கள். உடைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பியானோக்காரர் கோட்டில் பொத்தான் தைத்துத் தரச் சொல்லி வந்தார். உன்னை விசாரித்தார். “உங்க பொண்ணு பாடும்போது மட்டும்தான் நான் ஸ்வர நோட்டைப் பாக்காம வாசிப்பேன். அவள பாத்தாலே போதும், எங்க போறான்னு தெரிஞ்சிடும்” என்றார். நான் பொத்தானை உள் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். பிரித்து மறுபடி தைத்தேன்.

அன்று மாலையே கடிகாரத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் தன் தினக்குறிப்பு நோட்டை எடுத்து அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைக் காட்டினார். கதாநாயகி குரல் சரியில்லை, முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே, மாற்று: தயார். முந்தின பக்கத்திலும் மாற்று: தயார். அதற்கு முந்தினதிலும் அதேதான். தினமும் காட்சிக்கு முன்னால் உன்னை நேரில் பார்த்துவிட்டுத்தான் அதை எழுதுவாராம். நான் நோட்டின் முதல் பக்கம் வரை திருப்பிப் பார்த்தேன். நீ தயாராக இல்லாத நாள் ஒன்றுகூட அதில் இல்லை. பெரியக்காவுக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அதுவும் என் வேலைதான் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பெரியக்கா கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று மதியம் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கல்யாணமான நாளாக அவர் தட்டு கழுவி நான் பார்த்ததில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதை நீ எப்போது வேண்டுமானாலும் செய், செய்யாமலும் இரு. ஆனால் நமக்குன்னு இருந்தா வந்திருக்கும் என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. அது வந்தது, வாசல் வரை வந்தது. அந்தக் குழுவினரிடம் சரி என்று சொல்லிவிடு. கோபமாக இருந்தால் அந்தக் கோபத்தோடே போய்ப் பாடு.

இதோடு வரும் பார்சலில் உன் உடை இருக்கிறது. கடைசிக் காட்சியில் கதாநாயகி போடும் அந்த நீல உடைதான், மாற்று ஆளுக்கென்று உன் அளவில் தைத்தது. ஒரு தடவைகூட மேடை ஏறாத உடை என்பதால் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். இடுப்பில் ஒரு அங்குலம் பிரித்துவிட்டிருக்கிறேன். தோளில் இறுக்கினால் உள்ளே துணி மடித்து வைத்திருக்கிறேன், நல்ல தையற்காரரிடம் கொடு. நீ நன்றாக இருக்க வேண்டும். உன் குரலை நாலு பேர் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: கொக்கிகள் பதினெட்டும் முதுகுப் பக்கம் இருக்கின்றன. நீயாகப் போட்டுக்கொள்ள முடியாது. மேடை ஏறும் அன்றைக்கு உன் பின்னால் நின்று போட்டுவிட யாரையாவது இப்போதே சொல்லி வைத்துக்கொள். யாரும் கிடைக்காவிட்டால் எழுது.