உப்பு ஜாடியின் அடியில்

நவம்பர் 12, புதன்

காலையில் தூறல். முட்டி வலியோடு சவுக்குத் தோப்பு. சருகை ஒதுக்கி மண்ணைக் கிளறியதில் மூன்று ட்ரஃபிள். மண்ணுக்குள்ளேயே விளைந்து மண்ணுக்குள்ளேயே முடிந்துபோகும் காளான். அறுத்தால் உள்ளே வெள்ளை. மூன்றும் பிஞ்சு.

புதுச்சேரி லேபிலிருந்து மெஹர் போன். என் பழைய மாணவி, இப்போது என்னை அதட்டுகிறவள். "ஜீன் டெஸ்ட்ல எதோடயும் சேரல சார். புதுசுதான். ஆனா பழுத்தது ஒண்ணாவது வேணும். ஸ்போர் பாக்காம எப்டி பேர் வெக்கறது?"

நான் சொல்லிக்கொடுத்ததுதான் அம்மா.

பழுத்தால்தான் ஸ்போர், காளானின் விதைத்தூள். வாசமும் அப்போதுதான் வரும். என் மூக்குக்கு எட்டாது. ரெஜினா இருந்தால் தோப்பு ஓரத்திலேயே நின்று சொல்லியிருப்பாள். கல்யாணமான புதிதில் சாயங்காலமானால் இங்கேதான் நடப்போம். ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். "பலாப்பழ வாசன வருதுங்க." தோண்டி எடுத்தது இதைத்தான். ஏதோ சாதாரணக் காளான், காய வை என்றேன். அந்த வாரம் முழுக்க மழை. அழுகியிருக்கும்.

வாங்க: முட்டித் தைலம், பல்ப், கல்லுப்பு (மறக்காதே).

நவ. 13, வியாழன்

வெயில். தோப்பில் மெஷின் ரம்பம். பாதி மரம் தரையில். கான்ட்ராக்டரிடம் கெஞ்சினேன்.

"மரத்தத்தான் சார் வெட்டறோம். மண்ண உங்களுக்கே உட்டுட்டுப் போறோம்."

வேர் செத்தால் இதுவும் செத்துவிடும் என்றேன். பாவம் என்று டீ வாங்கிக் கொடுத்தான்.

அவளும் இல்லை, அவளோடு நடந்த இடமும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். உப்பு வாங்கவில்லை.

நவ. 15, சனி

கஞ்சி. உப்பு ஜாடியில் கரண்டி அடிதட்டியது.

ரெஜினா இருந்தவரை அந்த ஜாடியின் அடியை யாரும் பார்த்ததில்லை. உப்பளத்துக் குடும்பத்துப் பெண். பாதி குறைவதற்குள் மேலே கொட்டிவிடுவாள், காலியானால் வீட்டுக்கு ஆகாது என்பாள். அவள் போனதிலிருந்து நான் எடுப்பதோடு சரி.

அடியில் ஒரு துணி முடிச்சு. நீல வாயல் புடவையின் கிழிசல். தோப்புக்கு வரும்போது கட்டும் புடவை. உள்ளே வாடிய எலுமிச்சை மாதிரி ஒன்று. அறுத்தேன். காப்பிப்பொடி நிறம்.

பழுத்தது!

மழைக்குப் பயந்து உப்பில் போட்டிருக்கிறாள். மாங்காயோ மீனோ, எதற்கும் அவளிடம் ஒரே வைத்தியம். மேலே மேலே கொட்டியதில் அவளே மறந்திருப்பாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கஞ்சி ஆறிவிட்டது.

நவ. 17, திங்கள்

புதுச்சேரி பஸ்ஸில் பொம்மையார்பாளையம் வரை நின்றபடி. மடியில் வைக்க முடியாததால் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

மைக்ரோஸ்கோப்பில் மெஹர். ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பிறகு "சார்!" என்று ஒரு கத்தல். உருண்டை உருண்டையாக ஸ்போர், மேலெல்லாம் முள், ஒன்றும் உடையவில்லை.

"ஸ்பெசிமன யாராவது உப்பு ஜாடில வெப்பாங்களா சார்?"

"என் பொண்டாட்டி வெப்பா."

நவ. 26, புதன்

மழை விட்டது. பிஞ்சும் இதுவும் ஒரே இனம், ஜீன் ஒத்துப்போகிறது. ரெஜினா பெயரையே வைக்கிறோம். தோப்பில் இப்போது கட்டைகள்தான்.

"கலெக்ட் பண்ணது யாருன்னு போடறது சார்?"

"அவதான்."

"அந்தத் துணியையும் குடுங்க, ஸ்பெசிமனோட சேத்து வெச்சிடலாம்."

நைந்துவிட்டது, குப்பையில் போட்டேன் என்றேன். பொய்.

சாயங்காலம் ரெஜினாவின் தங்கை ஃபிலோ, ஒரு பை கல்லுப்போடு. ஜாடியைப் பார்த்ததும் ஒரே திட்டு. "இப்டியா காலியா வெப்பீங்க மாமா? அக்கா இருந்தா உட்ருக்குமா?"

அவள் டீ போடப் போனதும் துணியை மடித்து ஜாடியின் அடியில் வைத்தேன். மேலே உப்பு, கழுத்துவரை.